ஆச்சியின் கைக்கணக்கு

திருவருகைக் காலம் பிறந்துவிட்டால் தாமிரபரணிக் கரையோரத்துக் கிறிஸ்தவ இல்லங்களின் அடுக்களைகளுக்குத் தனியொரு சுறுசுறுப்பு வந்துவிடுகின்றது. அச்சுமுறுக்கும் முந்திரிக்கொத்தும் அதிரசமும் எண்ணெய்ச் சட்டியில் வரிசையாக இறங்கும். அவற்றின் பெருமையைப் பேசுவார் பலர் உளர். இம்மாதம் நாம் பேச விரும்புவது, எண்ணெயைத் தொடாமல் அனலில் மட்டுமே வெந்துவரும் பண்டங்களைப் பற்றி. கேக், ரொட்டி, விசுக்கோத்து, மக்ரூன் ஆகியன அவை. இவற்றைச் செய்யும் தொழிலுக்கு 'வெதுப்புதல்' என்று அறிஞர் இன்று நல்ல பெயர் சூட்டியுள்ளனர். நம் ஆச்சிமார், "கேக் போட்டாச்சா?" என்றுதான் கேட்பர். அந்தக் கேள்விக்குப் பின்னால் எத்தனை தலைமுறைக் கைப்பழக்கம் நிற்கின்றது என்பதையும், அது இப்போது எந்த இடத்தில் அறுந்துபோகக் காத்திருக்கின்றது என்பதையும் காண்போம்.

வெளியூரார்க்குத் திருநெல்வேலி என்றால் அல்வா. கோதுமையை ஊறவைத்து, ஆட்டிப் பாலெடுத்து, சர்க்கரையும் நெய்யும் சேர்த்துக் கைசோரக் கிண்டும் அப்பண்டத்தை இங்கே பெயர்பெறச் செய்தவர்கள் இராசபுத்தானத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பத்தார். தாமிரபரணித் தண்ணீர்தான் அதன் சுவைக்குக் காரணம் என்று ஊரார் சத்தியம் செய்வர். ஆயினும் அல்வா கடைக்குரிய பண்டம். விருந்தாளி வந்தால் வாங்கிவருவோம். ஊருக்குப் போகும்போது பொட்டலம் கட்டிக்கொள்வோம். வீட்டில் கிண்டுவோர் மிகச் சிலர். அதற்கு வாரிசு பற்றிய கவலை இல்லை. கடை இருக்கும்வரை அல்வா இருக்கும். கேக்கும் மக்ரூனும் அப்படியல்ல. அவற்றுக்குக் கடையில் ஒரு வாழ்வும் வீட்டில் ஒரு வாழ்வும் உண்டு. வீட்டு வாழ்வுதான் நமக்குக் கவலை தருவது.

பொதிகையில் பிறந்த ஆறு, பாபநாசம், அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, திருவைகுண்டம், ஆத்தூர் என்று வயல்களுக்கு நீர் வார்த்தவாறு சென்று, புன்னைக்காயலில் மன்னார் வளைகுடாவை அடைகின்றது. அந்த ஆற்றின் முகத்துவாரத்தில்தான் நம் வெதுப்புக் கலையின் வரலாறும் தொடங்குகின்றது எனலாம். 1530களில் முத்துக்குளித்துறைப் பரதவ மக்கள் திருமுழுக்குப் பெற்றனர். 1542இல் புனித சவேரியார் இக்கரைக்கு வந்தார். அவருக்குப்பின் வந்த அண்டிரிக் அடிகளார் புன்னைக்காயலில் வாழ்ந்து தமிழ் கற்று, 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' என்னும் செபநூலை அச்சிட்டார். போர்த்துக்கீசியர் இங்கே விட்டுச்சென்ற சொற்கள் இன்னும் நம் வீடுகளில் உலவுகின்றன. மேசை, சன்னல், அலமாரி, சாவி ஆகியவை அவர்கள் மொழியிலிருந்து வந்தவை. கடலுக்கு அப்பால் யாழ்ப்பாணத் தமிழர் ரொட்டியைப் 'பாண்' என்றும், அதைச் சுடும் பெரிய அடுப்பைப் 'போறணை' என்றும் வழங்குவர். அவ்விரண்டும் அதே மொழிவழிச் சொற்களே. நம் பக்கத்தில் 'ரொட்டிக் கிடங்கு' என்போம். செபங்கள் 1578இலேயே அச்சேறிவிட்டன. அடுக்களைப் பக்குவமோ அதன்பின் பல தலைமுறை கடந்தும் வாய்மொழியாகவே நின்றது என்பதை வாசகர்கள் மனத்தில் கொள்க. பிறகு வரும் செய்திக்கு இது தேவைப்படும்.

புன்னைக்காயலுக்கு வடக்கே உள்ள தூத்துக்குடியின் மக்ரூனை அறியாதார் இப்பகுதியில் இலர். ஐந்து விரலையும் குவித்து மேலே இழுத்தாற்போல் கூம்பாக, தந்த நிறத்தில், கையில் எடுத்தால் கனமே இல்லாதிருக்கும் அப்பண்டம், வாயிலிட்ட மாத்திரத்தில் பொடிந்து கரையும். ஆகஸ்டு 5ஆம் நாள் பனிமய மாதா திருவிழாவுக்கு வருவோர் மக்ரூன் வாங்காமல் ஊர் திரும்புவதில்லை. இத்தாலியில் பிறந்து பிரான்சில் வளர்ந்த பெயர் அது. அங்கே முட்டையின் வெள்ளைக்கரு, சர்க்கரை, வாதுமைப் பருப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தால் மக்ரூன். போர்த்துக்கீசியர் வழியாக இக்கரைக்கு வந்தது என்பது ஊர் வழக்கு. இங்கே வாதுமைக்கு எங்கே போவது? அதே போர்த்துக்கீசியர் பிரேசில் நாட்டிலிருந்து இந்தியக் கரைக்குக் கொண்டுவந்த கொல்லாமரம் கைகொடுத்தது. நம் ஆச்சிமார் 'அண்டிப்பருப்பு' என்று சொல்லும் முந்திரிப் பருப்பு வாதுமையின் இடத்தைப் பிடித்துக்கொண்டது. வந்த பண்டமும் அயல்நாட்டது, அதனுள் நுழைந்த பருப்பும் அயல்நாட்டது. இரண்டும் சேர்ந்து பிறந்ததோ தூத்துக்குடிக்காரப் பிள்ளை.

இப்பண்டத்தில் மாவு இல்லை, வெண்ணெய் இல்லை, மஞ்சள் கருவும் இல்லை. மூன்றே பொருள்கள். அதனால் எளிது என்று எண்ணிவிடலாகாது. மூன்று பொருள்களே இருப்பதால் ஒன்றில் நேரும் பிழையை மற்றொன்று மறைக்காது. வெள்ளைக்கருவில் மஞ்சள் கரு ஒரு துளி கலந்தாலும், அடிக்கும் பாத்திரத்தில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தாலும் நுரை எழும்பாது. ஆகவே பாத்திரத்தை எலுமிச்சைத் துண்டால் துடைத்து உலர்த்திக்கொள்வது வழக்கம். முட்டையை ஒவ்வொன்றாகத் தனிக் கிண்ணத்தில் உடைத்து, நல்லதென்று கண்டபின்னரே பெரிய பாத்திரத்தில் சேர்க்க வேண்டும். பதினோராவது முட்டையில் கரு உடைந்தால் முந்திய பத்தும் வீணாகும் அன்றோ?

வெள்ளைக்கருவை அடிக்க அடிக்க முதலில் பெரிய குமிழிகள் வரும். பிறகு பாலாடை போல் ஆகும். பிறகு பாத்திரத்தைக் கவிழ்த்தாலும் விழாத அளவுக்குக் கெட்டிப்படும். தலைக்குமேல் பாத்திரத்தைக் கவிழ்த்துக் காட்டுவது பிள்ளைகளுக்கு வேடிக்கை. சர்க்கரையைப் பொடித்து, நுரை எழுந்துவரும்போது கரண்டி கரண்டியாகத்தான் சேர்க்க வேண்டும். முந்திரியை வெயிலில் காயவைத்து, எண்ணெய் விடாதபடி கொரகொரப்பாக இடித்து, அடிப்பது முழுவதும் முடிந்தபின் கடைசியாகத் தூவி, கையால் மெதுவாகப் புரட்டிவிட வேண்டும். பருப்பின் எண்ணெய் நுரையை அமுக்கிவிடும் என்பதே இதன் காரணம். காரணம் தெரியாமலே நம் முன்னோர் இவ்வொழுங்கைக் கைக்கொண்டனர். பிறகு தாளைக் கூம்பாகச் சுற்றி, அதன் முனையை நறுக்கி, தட்டில் சுழித்துப் பிழிய வேண்டும்.

அடுப்புதான் இதில் முக்கியம். மக்ரூனை வேகவைப்பதைவிட உலர்த்துகிறோம் என்பதே பொருந்தும். விறகிட்டு எரிக்கும் ரொட்டி அடுப்பில், ரொட்டியெல்லாம் வெந்து வெளியேறியபின் செங்கல்லில் தங்கியிருக்கும் தணிந்த சூட்டில் தட்டுகளை உள்ளே வைத்துக் கதவைச் சாத்திவிடுவர். பல மணி நேரம் அது அங்கேயே கிடக்கும். அவசரப்பட்டால் மேலே பழுப்பேறி உள்ளே பிசுபிசுக்கும். சூட்டை அறிய அந்நாளைய ரொட்டித் தொழிலாளி எந்தக் கருவியையும் நாடியதில்லை. அடுப்புக்குள் கையை நீட்டி எத்தனை எண்ணும்வரை பொறுக்க முடிகிறது என்று பார்ப்பார்; அல்லது ஒரு பிடி மாவை வீசி அது எவ்வளவு விரைவில் சிவக்கிறது என்று பார்ப்பார். அவர் கையே வெப்பமானி.

மிஞ்சும் மஞ்சள் கருவை என்ன செய்வது என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கடைகளில் அது கேக்குக்கும் விசுக்கோத்துக்கும் போய்விடும். இலங்கையில் இதற்கு நேர்மாறான கணக்கு ஒன்று உண்டு. கொழும்பு நகரத்துப் பறங்கியர் இல்லங்களில் பிறந்து தமிழர் இல்லங்களுக்கும் பரவிய 'லவ் கேக்' என்பதில் மஞ்சள் கரு மிகுதி, வெள்ளைக்கரு குறைவு. ரவையும், பொடித்த முந்திரியும், சர்க்கரையில் பாகாக்கிய நீற்றுப்பூசணியும், பன்னீரும், பட்டை சாதிக்காயும் அதில் சேரும். வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கியது தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓட்டத்தானே? அக்கடல்வழியில் திருநெல்வேலிச் சீமையிலிருந்து போய்க் கொழும்பில் தொழில் செய்தோர் பலர். போனவர்கள் பணத்தை மட்டும் கொண்டு திரும்பவில்லை. நாக்கின் பழக்கத்தையும் கொண்டு திரும்பினர். முதலூரில் தேங்காய்ப் பாலில் கிண்டும் அல்வாவுக்கு 'மஸ்கோத்' என்று பெயர். மஸ்கட் நகரின் பெயர் கடல் கடந்து வந்து நம் தேரிக்காட்டில் குடியேறியதைக் காண்க. (அது அனலில் வேகும் பண்டமன்று, ஆசையால் இங்கே சொல்லிவிட்டோம்.)

ரொட்டிக் கிடங்குகளுக்கும் நம் வீடுகளுக்கும் இடையே முன்பு நெருங்கிய உறவு இருந்தது. பெரும்பாலான வீடுகளில் வெதுப்பும் அடுப்பு கிடையாது. ஆகவே கிறிஸ்துமசுக்கு முந்திய கிழமைகளில் வீட்டிலேயே மாவைக் கலக்கி, தகரத் தட்டுகளில் ஊற்றி, துணி மூடி, பிள்ளைகளின் தலையில் ஏற்றி ரொட்டிக் கிடங்குக்கு அனுப்புவர். தட்டின்மேல் பெயர் எழுதிய தாள் ஒட்டியிருக்கும். தட்டுக்கு இவ்வளவு என்று கூலி. பாளையங்கோட்டையிலும் தூத்துக்குடியிலும் கடற்கரை ஊர்களிலும் முதியோர் பலர் இதை இன்றும் நினைவுகூர்வர். ஓர் அடுப்பில் இருபது வீட்டுக் கேக்குகள் வெந்தன. அத்தனையும் ஒரே விறகின் சூட்டில் வெந்தும் ஒன்றின் சுவை மற்றொன்றுக்கு வாராது. ஒரு வீட்டார் சர்க்கரையைக் கருக்கிப் பாகெடுப்பதில் துணிச்சல்காரர். அவர் கேக் கறுத்துக் கசப்பின் ஓரத்தைத் தொட்டு நிற்கும். இன்னொரு வீட்டில் ஆரஞ்சுத் தோலும் இஞ்சிப் பாகும் மணக்கும். வேறொரு வீட்டில் சிக்கனம் மணக்கும்! தட்டு மாறிப்போய்விட்டால் வெட்டித் தின்னும்போதே கண்டுபிடித்துவிடுவர்.

கிடங்கு இல்லாத சிற்றூர்களில் வீட்டிலேயே ஒரு வழி இருந்தது. அகன்ற பாத்திரத்தில் ஆற்றுமணலைப் பரப்பி அடுப்பில் ஏற்றிச் சூடாக்குவர். கேக் தட்டை மணல்மேல் வைத்து, கனத்த மூடியால் மூடி, மூடியின்மேல் சிரட்டைக் கங்குகளைக் கொட்டுவர். கீழேயும் அனல், மேலேயும் அனல். சிரட்டைக் கங்கு சீராக எரியும், விரைவில் சாம்பலாகாது. எத்தனை சிரட்டை, எப்போது அள்ளிப்போட வேண்டும், எப்போது தள்ளிவிட வேண்டும் என்பதெல்லாம் ஆச்சியின் கணக்கு. இன்று வாயு அடுப்பில், பிரஷர் குக்கரின் வளையத்தையும் குண்டையும் நீக்கிவிட்டு மணலோ உப்போ பரப்பிக் கேக் செய்வோர் அந்த ஆச்சியின் பேத்திகளே.

இனி நாம் சொல்லவந்த செய்திக்கு வருவோம். இக்குடும்பப் பக்குவங்கள் எழுத்தில் இல்லாமற் போகவில்லை. பல வீடுகளில் பழைய நோட்டுப் புத்தகம் ஒன்று, எண்ணெய்க்கறை படிந்து, இடையிடையே வெட்டி ஒட்டிய தாள்களுடன் அலமாரியில் கிடக்கத்தான் செய்கின்றது. அதைத் திறந்து பார்த்தால் போதும், பாரம்பரியம் பத்திரமாக இருக்கின்றது என்று நம் பிள்ளைகள் எண்ணுகின்றனர். அந்நோட்டில் எழுதியிருப்பது என்னவென்று பார்த்தால்தான் தொல்லை புலப்படும். மாவு ஒரு ராத்தல். வெண்ணெய் பத்துப் பலம். பால் அரை ஆழாக்கு. ஓரணாவுக்குச் சாதிக்காய். முட்டை பன்னிரண்டு. 'பதம் வந்ததும் இறக்கவும்' என்று முடியும். பதம் எது என்று நோட்டு சொல்லாது. எழுதியவருக்கு அது தெரியும், அவர் யாருக்காக எழுதினாரோ அவருக்கும் தெரியும்.

மெட்ரிக் அளவுகளுக்கான சட்டம் 1956இல் வந்தது. 1957இல் அணா போய் நயாபைசா வந்தது. 1960களில் ராத்தலும் பலமும் கடைகளிலிருந்து மறைந்தன. ராத்தல் என்பது ஏறத்தாழ 454 கிராம். பலம் ஏறத்தாழ 35 கிராம். இவற்றை மாற்றிக்கொள்வது எளிது. படியில் எட்டில் ஒரு பங்கு ஆழாக்கு. ஆனால் படியே ஊருக்கு ஊர் வேறுபட்டது. ஆகவே அந்த வீட்டில் இருந்த ஆழாக்கையே தேடி எடுத்து, தண்ணீர் ஊற்றி அளந்து பார்ப்பதே முறை. பழைய பித்தளைச் சாமான்களுக்கு எடைபோட்டு விற்றுவிடுமுன் சற்று நிதானிப்போமாக. அளவுப் பாத்திரம் போனால் நோட்டுப் புத்தகத்தில் பாதி போயிற்று. ஓரணாவுக்குச் சாதிக்காய் எவ்வளவு என்பதையோ, எழுதியவரின் காலத்துச் சந்தை விலை அறிந்த ஒருவர்தான் சொல்ல இயலும்.

இவற்றினும் மறைவாக ஏமாற்றுவது முட்டை. பன்னிரண்டு என்பது எக்காலத்திலும் பன்னிரண்டுதான் என்று நாம் நம்பிவிடுகிறோம். பழைய கேக்குகளில் பெரும்பாலானவை சம எடைக் கணக்கில் அமைந்தவை. மாவு, சர்க்கரை, வெண்ணெய், முட்டை நான்கும் ஒரே எடை. தராசின் ஒரு தட்டில் முட்டைகளை வைத்து, மறுதட்டில் மாவையும், பிறகு சர்க்கரையையும், பிறகு வெண்ணெயையும் நிறுக்கும் வழக்கம்கூட உண்டு. அந்நாளைய முட்டை வீட்டுப் புழக்கடையில் மேய்ந்த நாட்டுக்கோழியின் முட்டை. அது 40 கிராம் அளவில் இருக்கும். பன்னிரண்டு முட்டை 480 கிராம். அதாவது ஒரு ராத்தலை ஒட்டி வரும். நாமக்கல் பண்ணைகளிலிருந்து இன்று நம் கடைக்கு வரும் முட்டையோ 55 கிராம் அளவினது. பன்னிரண்டு போட்டால் 660 கிராம் ஆகிவிடும். ஒரு ராத்தல் மாவுக்கு எட்டு, மிஞ்சினால் ஒன்பது முட்டையே போதும். நோட்டில் கண்டபடியே பன்னிரண்டை உடைத்து ஊற்றிய மருமகளின் கேக் நனைந்த களியாய் இறுகிப்போனால், "உனக்குக் கைராசி இல்லை" என்று வீட்டார் சொல்லிவிடுகின்றனர். கைராசிக்கு இதில் யாதொரு பங்கும் இல்லை. கோழி மாறிவிட்டது, அவ்வளவே. எத்தனை இளம்பெண்கள் இந்தப் பன்னிரண்டு முட்டையால் மனம் நொந்து அடுப்பை விட்டு அகன்றனரோ!

மாறிய பொருள்கள் இன்னும் உண்டு. வீட்டில் கடைந்தெடுத்த வெண்ணெயில் நீர் மிகுதி, உப்பு இல்லை. கடையில் வாங்கும் வெண்ணெயில் உப்பு இருக்கும், நீர் குறைவு. ஆப்ப மாவும் சில அப்ப வகைகளும் பொங்கிவரப் பனங்கள் ஊற்றுவது தென்பகுதியில் பழைய வழக்கம். 1987இல் தமிழகத்தில் கள்ளிறக்கத் தடை விதிக்கப்பட்டபின் அப்பக்குவக் குறிப்புகள் கையொடிந்து நிற்கின்றன. கேரளத்திலும் இலங்கையிலும் இன்னும் கள் ஊற்றுகிறார்கள். நாம் ஈஸ்ட்டைக் கரைத்துச் சமாளிக்கிறோம். மாவு பொங்குகிறது, மணம் மட்டும் வரவில்லை என்று முதியோர் முணுமுணுப்பர். அதில் உண்மை உண்டு.

இவையெல்லாம் காலம் செய்த மாற்றங்கள். மனிதர் செய்யும் மாற்றம் ஒன்றும் உண்டு. அதைச் சொல்ல நமக்குத் தயக்கமே. பக்குவம் கேட்டு வருவோர்க்கு எல்லாவற்றையும் சொல்லி, ஒரேயொரு பொருளை மட்டும் விழுங்கிவிடும் பெரியம்மாக்களை நாம் எல்லோரும் அறிவோம். விருந்தில் கேக்கைப் புகழ்ந்துவிட்டு, "எப்படிப் போட்டீங்க மதினி?" என்று கேட்டால், "எல்லாரும் போடுறதுதான்" என்று மழுப்பிவிடுவார். பெற்ற மகளுக்குச் சொல்லலாம், அவளோ மணமாகி வேறு வீடு போய்விடுவாள். மருமகளுக்குச் சொல்லலாம், அவளோ பிறர் வீட்டுப் பெண். இந்த இரண்டு கணக்குக்கும் நடுவே பக்குவம் யாருக்கும் கிடைக்காமல் கல்லறைக்குப் போய்விடுகின்றது. கடைக்காரர் தம் முறையை மறைத்தால் அதில் ஒரு நியாயம் உண்டு. அவருக்கு அது பிழைப்பு. தம் மகனுக்கோ, நெடுநாள் உடனிருந்த மாஸ்டருக்கோ அவர் அதைக் கற்றுக்கொடுத்தும் விடுகிறார். கடையின் பெயரும் பலகையில் நிற்கின்றது. வீட்டில் ஐம்பது ஆண்டு கேக் போட்ட பெண்ணின் பெயர் எந்தப் பலகையிலும் இல்லை. தன் பெயர் நிற்க இருக்கும் ஒரே வழியையும் அவரே அடைத்துக்கொள்வானேன்?

அச்சில் ஏற்றியோர் பிழைத்தனர் என்பதற்குச் சான்றுகள் உள்ளன. மீனாட்சி அம்மாள் 1951இல் வெளியிட்ட 'சமைத்துப் பார்' நூல், புதிதாக மணமான பெண்கள் பலருக்குக் கையேடாய் அமைந்தது. தாய்மார் வாய்மொழியாகச் சொன்ன சைவச் சமையல் அதனால் நின்றது. இலங்கையில் ஹில்டா டியூட்ரம் என்னும் அம்மையார் தொகுத்த 'சிலோன் டெய்லி நியூஸ்' சமையல் நூல் 1929இல் வெளிவந்தது. லவ் கேக் முதலிய இல்லப் பக்குவங்களை இன்றும் அதைப் பார்த்துச் செய்வோர் உளர். நம் நெல்லைச் சீமை இல்லங்களின் வெதுப்புப் பக்குவங்களோ இன்னும் பெரும்பாலும் அலமாரி நோட்டுகளிலேயே உள்ளன.

புவிசார் குறியீடு என்று ஓர் ஏற்பாடு இப்போது பேசப்படுகின்றது. திருவில்லிபுத்தூர்ப் பால்கோவா 2019இலும், கோவில்பட்டிக் கடலைமிட்டாய் 2020இலும், உடன்குடிப் பனங்கருப்பட்டி 2023இலும் அதைப் பெற்றன. மகிழ்ச்சிதான். ஊர்ப் பெயரைப் பிறர் திருடாமல் அது காக்கும். செய்து விற்போர்க்கு நன்மை. ஆனால் ஒரு வீட்டுக் கேக்கில் கிராம்பு எத்தனை என்பதைக் காக்க எந்தச் சட்டமும் வாராது.

என்ன செய்யலாம்? நோட்டைப் படி எடுப்பதோடு நில்லாமல், எழுதியவர் உயிரோடு இருக்கும்போதே அவர் அருகில் நிற்பதுதான் வழி. இவ்வாண்டு கேக் போடும் நாளில் ஒரு சிறு தராசை மேசைமேல் வையுங்கள். இன்று அது எளிய விலைக்குக் கிடைக்கின்றது. ஆச்சி தம் வழக்கப்படியே கையால் அள்ளட்டும். அவரைத் தடுக்கவோ திருத்தவோ வேண்டாம். அவர் அள்ளியதை மாவில் கொட்டுமுன் தட்டில் வைத்து எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். முட்டையை எண்ணிக்கையோடு எடையாகவும் எழுதுங்கள். 'பதம்' என்று அவர் சொல்லும் கணத்தில், "எதைப் பார்த்துச் சொல்றீங்க ஆச்சி?" என்று கேளுங்கள். கரண்டியிலிருந்து மாவு நாடாப்போல் விழுவதையோ, பாகு புகையத் தொடங்கும்போது எழும் மணத்தையோ, கேக் ஓரம் தட்டை விட்டு விலகுவதையோ அவர் சொல்லக்கூடும். அதுவே நோட்டில் இல்லாதது. வெளிநாட்டில் வாழும் பேத்திக்குக் கைப்பேசியில் படம் பிடித்து அனுப்புவதும் நன்றே. ஆயினும் படத்தில் மணம் வாராது, கையின் அழுத்தமும் தெரியாது; ஆகவே எழுதவும் வேண்டும். தாளின் மேலே அவர் பெயரையும், அவருக்குக் கற்றுக்கொடுத்தவரின் பெயரையும், ஊரையும் எழுதுங்கள். ஆண்பிள்ளைகளையும் அடுக்களைக்கு அழையுங்கள். முட்டை அடிக்கக் கைவலிமைதான் வேண்டும். மேலும் தூத்துக்குடியின் மக்ரூன் மாஸ்டர்கள் பெரும்பாலும் ஆண்கள் அன்றோ?

மக்ரூனை வீட்டில் செய்து பார்க்க விரும்புவோர்க்கு எடைக் கணக்கு இதோ: வெள்ளைக்கரு 100 கிராம் (இன்றைய முட்டை மூன்றில் கிடைக்கும்), பொடித்த சர்க்கரை 150 முதல் 200 கிராம், கொரகொரப்பாக இடித்த முந்திரி 150 கிராம். மின்னடுப்பில் 110 பாகை செல்சியசில் ஒன்றேகால் மணி நேரம் வைத்து, பின் அடுப்பை அணைத்துக் கதவைத் திறக்காமல் முற்றும் ஆறவிடுங்கள். கீழ்ப்புறம் தாளை விட்டுத் தானே கழன்று வந்தால் முடிந்தது. ஒட்டினால் இன்னும் கால் மணி நேரம் வையுங்கள்.

ஒரு தடை மட்டும் உண்டு. நம் பக்கத்தில் வடகிழக்குப் பருவமழை பெய்வது அக்டோபர் முதல் டிசம்பர் வரை. விழா வருவதும் அந்த ஈரத்தின் நடுவில்தான். சர்க்கரை காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் தன்மையது. மூடாமல் வைத்த மக்ரூன் ஒரே இரவில் மெத்தென்று ஆகிக் கையில் ஒட்டும். நன்றாக ஆறியபின், இறுக மூடும் தகர டப்பாவில் தாள் பரப்பி அடுக்குங்கள். தின்னும் அளவுக்கு மட்டுமே எடுத்து உடனே மூடுங்கள். தூறல் விழும் நாளில் முட்டை அடிக்கத் தொடங்காமல், வெயில் முகம் காட்டும் ஒரு நாளுக்காகக் காத்திருங்கள்.